பேச்சி அத்தை ஊற்றிய தண்ணீர்

ஏலே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம். அன்றைக்கு ஊரே உன்னை ‘சாமி, சாமி’ என்று கையெடுத்துக் கும்பிடும். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உன் கையில் முத்தம் வைப்பேன். ஆனால் இந்தக் கடிதம் முடிகிறவரை நீ எனக்கு மகன்தான், வாடா போடா என்றுதான் வரும், பொறுத்துக்கொள். நேற்று போனில், பட்டத்துக்கு மறுநாள் வைக்கும் முதல் பூசையை யாருக்காக ஒப்புக்கொடுக்கட்டும் என்று கேட்டாய். “தாத்தாவுக்காம்மா, இல்ல பெரியப்பாவுக்கா?” என்று நீயே இரண்டு பேரை எடுத்தும் கொடுத்தாய். “சோறு பொங்குதுடா, அப்பறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பொய் சொன்ன கையோடு உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் உன்னோடு பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கும் கொடு. அவர்களும் நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.

உனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்துபோனாள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அப்போது உன் அப்பா கம்பத்திலிருந்து குமுளி மேட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நான் சுருளி அண்ணன் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தேன். நீ மாமா, அத்தை என்று ஒட்டிக்கொண்டு திரிந்தாயே, அந்தச் சுருளி மாமாவும் பேச்சி அத்தையும்தான், எனக்கு அண்ணனும் மைனியும். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான் இருந்தது. அதிலும் பேச்சி மைனி வந்துபோக ஒரு ஆள் நுழையும் சந்து எப்போதும் இருக்கும். எட்டாம் மாதத்தில், அப்பா மலைக்குப் போன அன்று காலையிலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. நான் கத்திய கத்தலில் மைனி அந்தச் சந்து வழியாகத்தான் ஓடிவந்தாள். நர்சம்மா வந்து சேர்வதற்குள் பிள்ளை அவள் கையில்தான் விழுந்தது.

பிள்ளை ஒரு தரம் அழுதது. பிறகு முனகல்தான். வந்து பார்த்த நர்சம்மா உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்க ஓடினார். சுருளி அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். அன்றைக்குச் சாமியார் மலைமேல் ஒரு சிற்றாலயத் திருவிழாவுக்குப் போயிருந்தார். எனக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் “சாமியார் வந்துட்டாகளா, சாமியார் வந்துட்டாகளா” என்றே கேட்டேனாம். மைனிக்குப் பொறுக்கவில்லை. “ஏத்தா, ஒங்க சாமியார் வந்து இப்ப என்ன செய்யப் போறாக?” என்று கேட்டாள். “தலையில தண்ணி ஊத்துவாக மைனி” என்றேன். “அட, தண்ணிதான? இந்தா, நான் ஊத்துறேன்” என்று செம்பை எடுத்தாள். பிள்ளையின் உச்சியில் உள்ளங்கை அளவு தண்ணீரை விட்டு, “கௌமாரித் தாயே, இது அவுக சாமி புள்ள. அவுக சாமி வந்து சேர நேரமாகுது. அதுவரைக்கும் நீ மடியில வச்சுக்க” என்று சொன்னாள். இவ்வளவு தெளிவாக எனக்கு நினைவிருக்கிறது பார், அதைவிட ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வண்டி வந்தது. ஏற்ற வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது. அப்போது மத்தியானம்.

பிற்பகலில், சாமியார் இல்லாதபோது கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வந்தார். நல்ல மனுசன். அவரைக் குறை சொல்லி நீ நினைக்கக் கூடாது. யார் தண்ணீர் ஊற்றியது, என்ன வார்த்தை சொல்லி ஊற்றியது என்று விசாரித்தார். மைனி பெருமையாக, சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “தண்ணி சரிதாம்மா, வார்த்த சரியில்லையே. பிதா, சுதன்னு சொல்லணும்ல? இது ஞானஸ்நானம் ஆகாதே” என்றார். ஞானஸ்நானம் ஆகவில்லை என்றால் ஆதாமிலிருந்து வழிவழியாக வரும் சென்மப் பாவம் போகவில்லை, பாவம் போகாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க முடியாது. அவர் படித்த பாடம் அது. அந்தச் சட்டம் எப்போதோ தளர்ந்துவிட்டது என்று போன வருசம் பாடத்தோடு பாடமாக நீ சொன்னாய். தளர்ந்திருக்கலாம். எங்கள் ஊருக்கு அது வந்து சேரவில்லை. சொல்லிவிட்டு அவரே வாசலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சுருளி அண்ணனுக்குத்தான் கோபம் வந்தது. “என்னய்யா பேசுறீக? கண்ணு முழிக்காத பச்சமண்ணு. அது யாரு குடியக் கெடுத்துச்சு? எங்கள்ல பச்சப்புள்ளய எரிக்கக்கூட மாட்டோம், நெருப்பு வச்சுக் கழுவுறதுக்கு அதுக்கிட்ட ஒண்ணும் இல்லன்னுதான் மண்ணுல வைக்கிறது. ஆத்தா, நீ அழாத. நம்ம தோட்டம் என்னத்துக்கு இருக்கு? அங்கன வேலியோரத்துல வைப்போம்” என்றார். உன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தபோது குழி வெட்டியிருந்தது. திராட்சைக் கொடிக்குள் குனிந்துதான் போக வேண்டும். உன் அப்பா குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆனது.

சாமியார் திரும்பி வந்ததும் என்னைப் பார்க்க வந்தார். அவர் மனதார ஆறுதல் சொன்னார். “நரகமெல்லாம் இல்லம்மா, பயப்படாத. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு ஒரு எடம் இருக்கு. அங்கன நோவு இல்ல, அழுகை இல்ல. சந்தோசமாத்தான் இருக்கும். கடவுளை மட்டும் பாக்க முடியாது.” நான் கேட்டேன்: “கடவுளப் பாக்க வேணாம் சாமி. என்னையப் பாக்குமா?” அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். நான்தான் ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டேன். நான் நல்லவளாக இருந்தால் மோட்சம் போவேன், அங்கே அவள் இருக்க மாட்டாள். கெட்டவளாக இருந்தால் நரகம் போவேன், அங்கேயும் அவள் இருக்க மாட்டாள். அவள் இருக்கிற இடத்துக்கு நான் போக வழியே கிடையாது, எனக்குத்தான் பிறந்த எட்டாம் நாளே தண்ணீர் ஊற்றிவிட்டார்களே. எந்தத் தண்ணீர் என்னைக் காப்பாற்றும் என்று சொன்னார்களோ அதே தண்ணீர் எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் ஓடியது. நீ பிறந்து, உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். எல்லாரும் சந்தோசத்தில் அழுகிறாள் என்றார்கள். நீயும் இக்கரைக்கு வந்துவிட்டாய், அவள் தனியாகிவிட்டாள் என்றுதான் அழுதேன் ராசா.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் போன வருசம் லீவுக்கு வந்து நீ அடித்த கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாய். உனக்குச் சத்தம் போட்டுச் சொன்னால்தான் மண்டையில் ஏறும், சின்னதிலிருந்தே அப்படி. கேட்க ஆள் வேண்டும் என்று என்னைப் பூண்டு உரிக்க உட்கார வைத்தாய். பாடம் என்ன? சென்மப் பாவம். கூப்பிட்டு வைத்து அடிப்பது என்பது இதுதான்.

ஆனால் நன்றாகத்தான் சொன்னாய். பாதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. ரோமாபுரியில் சாம்ராஜ்யம் ஆட்டம் கண்ட காலத்தில், வடக்கே எங்கோ ஒரு தீவிலிருந்து ஒரு துறவி வந்தார். ஒழுக்கமான ஆள். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும், ஆதாம் செய்த பாவம் ஆதாமோடு போயிற்று, இப்போது பிறக்கிற பிள்ளை பாவம் செய்வதற்கு முன்னால் ஆதாம் இருந்த மாதிரி சுத்தமாகத்தான் பிறக்கிறது, மனுசன் மனசு வைத்தால் பாவமே செய்யாமல் வாழலாம் என்றார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு ஆயர் சும்மா இருக்கவில்லை. பச்சைக் குழந்தைக்கும் பாவமன்னிப்புக்கென்றுதானே ஞானஸ்நானம் கொடுக்கிறோம், பாவமே இல்லையென்றால் எதற்கு அந்தத் தண்ணீர் என்று மடக்கினார், அது படாமல் செத்த பிள்ளைக்கு லேசான தண்டனையாவது உண்டு என்றும் எழுதினார். திருச்சபைப் பெரியவர்கள் சங்கம் கூடி ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நான் பூண்டை வைத்துவிட்டு, “அப்ப ஒருத்தரும் இல்லாத எடத்துல, வேற சாமி கும்புடுற பொம்பள ஒருத்தி, சாகப்போற பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனா?” என்று கேட்டேன். நீ பரீட்சைக்காரன் மாதிரி மூச்சு விடாமல் பதில் சொன்னாய்: “செல்லும்மா. யார் வேணும்னாலும் ஊத்தலாம். திருச்சபை செய்றதச் செய்யணும்னு நினைச்சாப் போதும். ஆனா வார்த்தை சரியா இருக்கணும்.” “வார்த்த மாறிப்போச்சுன்னா?” “செல்லாது.”

அன்றைக்கு நான் பாத்திரத்தை உருட்டியதும், உப்பே போடாமல் ரசம் வைத்ததும் எதற்கு என்று இப்போது தெரிகிறதா? “ஒங்கம்மாவுக்கு என்னடா ஆச்சு?” என்று அப்பா உன்னைக் கேட்டார். அப்பாவுக்குத் தெரியும், சும்மா கேட்டார். நீ பாவம், ஒன்றும் தெரியாமல் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து மீதிப் பாடத்தையும் எடுத்து விட்டாய். கீழைத் திருச்சபைக்காரர்கள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவுதான், குற்றமில்லை என்று சொல்கிறார்கள் என்றாய். நோவில்லாத அந்த இடம் பின்னால் வந்த வேதசாஸ்திரிகள் ஆயரின் கடுமையைக் குறைக்க யோசித்துச் சொன்ன அபிப்பிராயம்தான், விசுவாச சத்தியமாகத் திருச்சபை ஒருநாளும் அறிக்கையிட்டதில்லை, இப்போது அந்தப் பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் விட்டு நம்பிக்கையோடு இருக்கத்தான் சொல்கிறது என்றாய்.

அபிப்பிராயம்! நான் உன்னை ஒரு பார்வை பார்த்தேன். “அந்தச் சாஸ்திரிகளுக்குப் பிள்ளகுட்டி உண்டாடா?” என்றேன். நீ சிரித்துவிட்டாய். “மத்தவுகளுக்கு இல்லம்மா. அந்த ஆயருக்கு மட்டும் ஒரு மகன் இருந்தான், பதினாறு பதினேழு வயசுல செத்துப்போனான்” என்றாய். பிள்ளையைப் பறிகொடுத்தவரா இப்படி எழுதினார் என்று அந்தப் பெரியவரோடு நான் பல நாள் மனசுக்குள் சண்டை போட்டேன். தண்ணீர்க் குழாயடியில், பஸ்ஸில், பூசை நேரத்தில் கூட. சின்னமனூர்ச் சந்தையில் ஒருத்தி என்னைப் பார்த்து “யார்கிட்டக்கா பேசுறீக?” என்று கேட்டாள். ஆப்பிரிக்காவில் ஒரு ஆயரோடு என்றால் தேனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள்.

சண்டை போடப் போட, அவர் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. பத்து வருசம் உன் அப்பா குடித்தாரே, மறந்திருக்க மாட்டாய். அதை அந்தத் தீவுத் துறவியிடம் சொன்னால், “மனசு வச்சா விட்டிருக்கலாம், அவர் மனசு வைக்கல” என்பார். உன் அப்பா மனசு வைக்காத நாளா? மாதாவுக்கு மாலை போட்டார், உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், சாராயக்கடைப் பக்கமே போகாமல் சுற்றி வந்தார். முடியவில்லையடா. தன்னால் முடியவில்லை என்று அவர் குழந்தை மாதிரி அழுததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு நாள் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, “எனக்கு ஏலாது, யாராச்சும் என்னையப் பிடிச்சுக்கங்க” என்று சுருளி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அவரைத் தன் தோட்டத்திலேயே வேலைக்கு வைத்து, கொடி நறுக்கும் கவாத்துக் கத்தியைக் கையில் கொடுத்து, சாயங்காலம் ஆனால் தன் பக்கத்தை விட்டு நகரவிடாமல் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் விட்டது. நாம் பிறக்கும் முன்பே நம் காலைப் பிடித்து இழுக்கிற ஒன்று இருக்கிறது, வேறொரு கை வந்து தூக்காமல் நம்மால் ஏற முடியாது என்று அந்த ஆயர் சொன்னது உன் அப்பாவுக்கு அப்படியே பொருந்தும். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளை விசயத்தில் நான் துறவி கட்சி. உன் அப்பா விசயத்தில் ஆயர் கட்சி. பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் போடுவார்கள், தெரியும்.

நீ திரும்பிப் போகிற அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்னொன்று சொன்னாய். உனக்கு அது ஒரு துணுக்கு. வதங்கிப்போன முகத்தோடு நிற்கிற அம்மாவைச் சிரிக்க வைக்கச் சொன்னாய். அந்த ஆயர் இன்னொரு பெரிய அறிஞருக்கு எழுதும்போது, இந்தக் குழந்தைகளின் தண்டனை என்று வருகிறபோது தனக்கு மூச்சு முட்டுகிறது, என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை என்று எழுதினாராம். கடவுள் நீதிமானென்றால் குழந்தையைத் தண்டிப்பாரா என்று இத்தாலி நாட்டு ஆயர் ஒருவர் விடாமல் கேட்க, இவர் சாகிறவரைக்கும் அவருக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்து, முடிக்காமலே செத்துப்போனாராம். பஸ் போன பிறகு நான் அங்கேயே நின்று அழுதேன். வருத்தத்தில் இல்லை. இத்தனை பேர், இத்தனை நூறு வருசமாக, எழுதி, சண்டை போட்டு, சபையை விட்டுத் தள்ளி, திரும்ப யோசித்து, ஒரு மத்தியானம் வரை இருந்த என் பிள்ளையைப் பற்றியேதான் பேசியிருக்கிறார்கள். அவளை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்தப் பெரியவருக்கும் அவளை நினைத்து மூச்சு முட்டியிருக்கிறது. அன்றோடு அவர் மேல் இருந்த கோபம் போயிற்று. அவர் என்னோடு சேர்ந்து துக்கம் கேட்டவர் ஆகிவிட்டார்.

இப்போது எனக்கு அந்தக் கணக்கு இல்லை. அவளைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். எங்கே, எப்படி என்று கேட்காதே. நம்புகிறேன், அவ்வளவுதான். எனக்கு இதைக் கொடுத்தது நீதான், தெரியாமல் கொடுத்தாய். தெரிந்து கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாகக் கொடுத்திருக்க மாட்டாய். நீ சாமியாராகப் போகிறேன் என்று சொன்ன அன்று, இருக்கிற ஒன்றையும் கொடுக்கிறோமே என்று எனக்கு வயிறு எரிந்தது. இன்று சொல்கிறேன், நீ போனதால்தான் அவள் எனக்குத் திரும்பி வந்தாள். உனக்கு நன்றி ராசா. பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் வழக்கத்தில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

புத்திமதி என்று ஒன்றுதான். எந்தப் பங்குக் கோயிலுக்குப் போனாலும் ஒரு நாள் ஒரு தாய் உன்னிடம் வந்து, “சாமி, எம்புள்ள எங்கன இருக்கும்?” என்று கேட்பாள். அவளுக்குப் பாடம் ஒப்பிக்காதே. இடம் குறித்துக் கொடுக்காதே. ‘செல்லாது’ என்ற வார்த்தையை அன்றைக்கு வாயில் எடுக்காதே. தெரியாது என்று சொல்ல உனக்கு வெட்கம் வேண்டாம். உன்னைவிடப் பெரிய ஆளே சொல்லியிருக்கிறார். தெரியாது, ஆனாலும் நம்புவோம் என்று சொல்லி அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். காபி கொடுத்தால் குடித்து முடி.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தாத்தாவும் பெரியப்பாவும் காத்திருக்கட்டும், அவர்களுக்கு ஊரில் வருசா வருசம் பூசை நடக்கிறது. முதல் பூசை உன் அக்காவுக்கு. ஆனால் அவள் பாவம் பொறுக்கும்படி என்று வைக்காதே. நித்திய இளைப்பாற்றி என்றும் வேண்டாம், அவள் என்ன வேலை பார்த்துக் களைத்துப் போனாள்? ஒரு காலைப் பொழுது எங்களிடம் இருந்துவிட்டுப் போனாள். அதற்கு நன்றிப் பூசையாக வை. சுருளி மாமாவும் அத்தையும் முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள், நான் சொல்லிவிட்டேன். அத்தை இப்போதே சேலை எடுத்துவிட்டாள்.

பூசை யாருக்காக என்று கருத்து வாசிக்கும்போது பெயர் கேட்பார்கள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குப் பெயர் இல்லை என்று அன்றைக்குக் கோயில் ஏட்டில் எழுதாமல் விட்டார்கள். பெயர் உண்டு. தண்ணீரை விட்டுக்கொண்டே அத்தை அவளை ஒரு தரம் கூப்பிட்டாள், நான் கேட்டேன். ராசாத்தி. அதுதான் அவள் பெயர். பீடத்தில் நின்று அதைச் சத்தமாகச் சொல்லு, அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.